தண்ணீர் கேட்காத கொடி

நாகலக்ஷ்மி ஐம்பது வருஷம் பவானிபூரில் குடித்தனம் நடத்தினாள். அதில் 1909ஆம் வருஷத்தை மட்டும் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்த புதிது, வயது பத்தொன்பது, வயிற்றில் தலைப்பிள்ளை. புருஷன் ராஜாராமன் வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா.

பங்குனியில் கம்பெனித் துரை ஆறு மாச லீவில் சீமைக்குக் கிளம்பினார். அலிப்பூரில் அவர் பங்களாத் தோட்டத்தில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, பருப்புக்கீரைக்கு அண்ணன் போலச் சதைப்பிடிப்பான இலைகளோடு ஒரு கொடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. "தினமும் வந்து இதற்குத் தண்ணீர் விடு, பாபு" என்று போகிற போக்கில் சொன்னார். அவ்வளவுதான், ராஜாராமனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. ஹெட் கிளார்க் நாற்காலி காலியாகப் போகிறது என்று ஆபீஸில் பேச்சு வேறு.

சித்திரையில் ஏழாம் மாசம் பிறந்தது. வளையல் அடுக்கிப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் அப்பா படுத்த படுக்கை, உடன்பிறந்தவனும் இல்லை. ரயிலில் கொண்டுபோய் விட ராஜாராமனை விட்டால் நாதி கிடையாது.

"ஏன்னா, பத்து நாள் லீவு போடுங்கோ. இங்கே எனக்குப் பயமா இருக்கு."

"பத்து நாள்ல கொடி கருகிட்டா துரைக்கு என்ன பதில் சொல்றது? தோட்டக்காரனை நம்ப முடியாது."

பெண்டாட்டி எப்படிப் போனால் என்ன, கொடி வாடக்கூடாது. நன்றாயிருக்கிறது நியாயம்!

ஆடியில் ஒரு விடியற்காலை அவளுக்கு வலி கண்டது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜாராமன் குடையை எடுத்தார்.

"இந்த மழையில யாருக்குத் தண்ணி விடப் போறேள்?"

"தினமும்னு துரை சொல்லியிருக்கார். அரை மணியில வந்துடறேன்."

தெருவெல்லாம் முழங்கால் வெள்ளம். அரை மணி மூன்று மணியாயிற்று. பிள்ளை குறுக்கே கிடந்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், மாசிமா, தனியாக மல்லாடினாள். டாக்டரைக் கூட்டிவர வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ராஜாராமன் வந்து, பதறி ஓடி, டாக்டரோடு திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை, உயிரில்லை. அவளுக்கு இனிமேல் குழந்தை பிறக்காது என்று சொல்லிவிட்டு டாக்டர் பெட்டியை மூடினார்.

ஐப்பசியில் துரை திரும்பினார். அன்று சாயங்காலம் ராஜாராமன் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"கொடியைப் பார்த்தாரா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"பார்த்தார். சிரிச்சார். மாசக்கணக்கா தண்ணி விடாட்டாலும் அது சாகாதாம். ஏதோ சும்மா சொன்னேன்னார்." பொட்டலத்தை நீட்டினார். "இதை வெச்சுக்கோன்னு கொடுத்தார்."

உள்ளே அந்தக் கொடியில் ஒரு துண்டு. ஹெட் கிளார்க் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று.

நாகலக்ஷ்மி அதைத் தூக்கி எறியவில்லை. ராஜாராமன் தாண்டிப் போகிற வாசற்படி ஓரம் நட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. அது முற்றம் முழுக்கப் படர்ந்தது.

வெகுகாலம் கழித்து, எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த சாவித்ரி சொன்னாள்: "மாமி, எவ்வளவு அழகா வளர்த்திருக்கேள்!"

"நான் எங்கேடி வளர்த்தேன்? அது எதுக்கும் சாகாது. மாமா கண்ணுல தினம் படட்டும்னு நட்டேன்."

உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த ராஜாராமன் முகத்துக்கு நேரே பிடித்திருந்த பேப்பரை இறக்கவில்லை.