பச்சைப் பொத்தான்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர்காரர் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனுஷன். ரத்தக் குப்பிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் நிரல் அவர் எழுதியதுதான். அதை இயக்கக் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட எங்களுக்குத் தெரியாது. நாளுக்கு இருபது தடவை அவரையே கூப்பிடுவோம். "உசுரை வாங்காதீங்க" என்று கத்திவிட்டு, அதே நிரலுக்குத் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் நர்ஸம்மா அதை அமுக்கினார். நிரல் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. விடாமல் அமுக்கினார். ஒரே நோயாளிக்குப் பதினொரு லேபிள்கள் வந்து விழுந்தன.

"ஒரு தடவை அமுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?" என்று குதித்த கம்ப்யூட்டர்காரர், அதே கோபத்தோடு போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் வரவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடியும், மறுபடியும்.

பின்னாலேயே வந்து நின்ற நர்ஸம்மா சொன்னார்: "இதோட எட்டு, அண்ணே."