அவள் பார்க்காத ஆட்டங்கள்

கொல்கத்தாவிலும் கோவாவிலும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் நான் கால்பந்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறார்கள். என் மனைவி மட்டும் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அவளுக்குப் பந்து பிடிக்காது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? நான் நடுக்கள ஆட்டக்காரன். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், கோலைத் தடுக்கிறவனைக் கட்டிப்பிடிப்பார்கள். நடுவில் நாயாக ஓடுகிறவனை யார் கண்டுகொள்கிறார்கள்? டீவியில் வர்ணனை செய்கிறவர்களே என் பெயரை ஒழுங்காகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. அந்த மணலில் ஆடித்தான் கால் பழகியது. பிறகு பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று சென்னைக்குப் பயிற்சிக்குப் போனேன். ஒரு கிளப்பில் எடுத்தார்கள், அப்புறம் இன்னொன்று. அப்படியே பிழைப்பாகிவிட்டது. நடுவில் மாமன் மகளைக் கட்டிவைத்தார்கள். நான் ஊர் ஊராகப் போக, அவள் இங்கேயே என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஏரியில் பிடித்து வருகிற இறாலை வாங்கி விற்றுக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்து போன் செய்தால், "வந்துட்டியா மாமா?" என்பாள். ஜெயித்தாயா என்று கேட்டதே இல்லை. அறைக்கு வந்துவிட்டேனா என்று கேட்கிறாள் போல என்று நானும், "வந்துட்டேன்மே" என்பேன்.

என் கடைசி ஆட்டத்தில் யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தை வாங்கித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, இடது முட்டி திரும்பவில்லை. ஆபரேஷன் நடந்தது, மாதக்கணக்கில் காலை மடக்கி நீட்டினேன், கிளப்பில் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தேன். இப்போது பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். லீவு நாளில் தங்கை புருஷனோடு ஏரியில் நண்டு வலைக்குப் போகிறேன். பஸ்ஸில் யாராவது, "டீவில வந்தது நீதானப்பா?" என்பார்கள். ஆமாம் என்றால், "இன்னா, இளைச்சிட்ட" என்பார்கள். வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். வாசலில் என் மனைவியும் தங்கையும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் என் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டேன். விசில் சத்தம் கேட்டதும் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"உங்க அண்ணிக்குப் பந்துன்னாலே வேப்பங்காய்" என்றேன், உள்ளே கேட்கட்டும் என்று.

தங்கை கையிலிருந்த இறாலைத் தட்டில் போட்டாள். "உனுக்கு இன்னாண்ணே தெரியும்? நீ ஆடுற அன்னிக்கு அண்ணி தலகூட சீவாது" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கடலுக்குப் போனால், அவன் கரையேறுகிறவரை வீட்டில் இருப்பவள் தலை சீவ மாட்டாள், வாசல் பெருக்க மாட்டாள், யார் கேட்டாலும் உப்பு கொடுக்க மாட்டாள். முக்கியமாக, கரையில் போய் நின்று அவனைத் தேடிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் ஆகாது. எல்லா வீட்டிலும் இப்போது இதெல்லாம் இல்லை. என் மாமன் வீட்டில் உண்டு.

என் மனைவி இதை அப்படியே எடுத்துப் பந்துக்கு வைத்திருக்கிறாள். நான் கொல்கத்தாவில் முழு வெளிச்சத்தில், புல்தரையில், குடிக்கத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருக்க, இங்கே ஒருத்தி விரித்த தலையோடு, நான் கடலில் இருப்பதாக நினைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். "வந்துட்டியா மாமா?" என்று அவள் கேட்டது அறைக்கு இல்லை, கரைக்கு.

தங்கை குரலைத் தணித்தாள். "ஒரே ஒரு நாளுதாண்ணே பாத்துச்சு. எங்க வூட்டு டீவில உன் பேரு சத்தமா வந்துச்சு, அண்ணி வாசல்லேர்ந்து எட்டிப் பாத்துச்சு. அப்பதான் நீ வுழுந்த. அதுலேர்ந்து தன்னாலதான்னு சொல்லிக்கினு கீது."

எனக்கு முதலில் வந்தது கோபம். விடுவிடென்று அடுக்களைக்குப் போனேன். முட்டிக்குள்ளே ஜவ்வு பல வருஷமாகத் தேய்ந்து கிடந்தது, எப்போது வேண்டுமானாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"டாக்டர் சொல்றது தப்புன்னு நான் சொல்லல மாமா. ஆனா நான் பாத்தேன், நீ வுழுந்த. எங்க நைனா எத்தினி வருஷம் கடலுக்குப் போனாரு? எங்கம்மா ஒரு நாளும் பாக்கல. அவருக்கு ஒரு கீறல்கூட இல்ல."

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. என் காலைப் பார்க்கிற போதெல்லாம் இவள் இதைத்தானே நினைத்திருப்பாள்! ராத்திரி எண்ணெய் தேய்த்துவிட்டதும், நான் படியேறும்போது பின்னாலேயே வந்ததும் இப்போதுதான் புரிந்தது.

"காணும் பொங்கலுக்கு நான் இறங்கறேன். நீ வந்து பாக்கணும்" என்றேன்.

"மாட்டேன்."

"ஊரு உலகமே பாத்துது, நீ பாக்கலமே. எனுக்கு அது கஷ்டமா கீது."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, இறால் தட்டை எடுக்க வாசலுக்குப் போனாள்.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம் நடக்கும். சவுக்குக் கழியில் கோல் கம்பம், கிழிந்த வலைதான் கோல் வலை. டாக்டர் மெதுவாக ஓடலாம் என்றிருந்தார். சொல்லிவிட்டேனே தவிர எனக்கு உள்ளூரப் பயம். முட்டி இன்னொரு தரம் போனால் போகட்டும், ஒரு நொண்டிப் பயிற்சியாளனாகப் பிழைத்துக்கொள்வேன். ஆனால் அவள் கண்முன் போனால், அதற்குப் பிறகு எந்த டாக்டர் வந்து சொன்னாலும் எடுபடாது.

ஆட்டம் தொடங்கியபோது அவள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். தலை விரிந்து கிடந்தது. கண்ணை மணலில் நட்டிருந்தாள்.

எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தொப்பை. நான்தான் ஓட வேண்டியிருந்தது. பந்தை வாங்கி இரண்டு பேரை ஏமாற்றியபோது கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்தில் அவள் தலை நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது. அதே நேரம் பார்த்து, மாப்பிள்ளை முறையாகிற ஒரு தடியன் பக்கவாட்டில் வந்து சறுக்கினான். தொப்பென்று விழுந்தேன்.

கூட்டம் கப்சிப். மணலில் கிடந்தபடி அவளைத்தான் பார்த்தேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். முட்டியை மடக்கினேன். மடங்கியது. நீட்டினேன். இடுப்பில்தான் அடி. எழுந்தேன், மணலைத் தட்டினேன், அந்தத் தடியனைப் பச்சையாக நாலு வார்த்தை திட்டினேன். ஊரே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. நான் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தை விட்டுவிட்டு என் இடது காலை மட்டும், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தாள். நாங்கள் ஒரு கோல் வாங்கினோம், அப்புறம் இன்னொன்று. எனக்கு மூச்சு வாங்கியது. பந்து வெளியே போன இடைவெளியில் மறுபடி அந்தப் பக்கம் திரும்பினேன்.

தங்கையிடம் ஏதோ கேட்டாள். தங்கை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. கண்ணை என்மேலிருந்து எடுக்காமல், என் மனைவி தலை சீவத் தொடங்கினாள்.