ஒரே வீதி, பதினொரு விதமான பச்சைக் குடை

2007 ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு திருவனந்தபுரம் போனேன். கோயிலுக்கும் இல்லை, கடற்கரைக்கும் இல்லை, பெயர்ப்பலகைகளைப் பார்க்க. கிழக்கேகோட்டைக்கு அப்பால் ஒரு கடைவீதியின் வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் சின்னம் வரைந்து கொடுத்திருந்தேன். ஒரு பச்சைக் குடை. இருபத்தெட்டுக் கடைகளிலும் அதுவே இருந்தால் வீதி முழுதும் ஒரே இடமாகத் தெரியும் என்பது ஏற்பாடு.

காலை ஐந்தரை மணிக்கு நாகர்கோவிலில் பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், முப்பத்திரண்டு ரூபாய். தம்பானூரில் இறங்கி அப்பமும் கடலைக்கறியும் தின்றுவிட்டு இருபது நிமிடம் நடந்தேன்.

வீதிமுனையிலிருந்தே பலகைகளை எண்ணத் தொடங்கினேன். வெல்லக் கடையில் குடை கரும்பச்சை. பாத்திரக் கடையில் கிளிப்பச்சை, அதுவும் இடப்பக்கம் வளைய வேண்டிய கைப்பிடி வலப்பக்கம். மீன் கடை மேரி சேச்சியின் பலகையில் குடைக்கு அடியில் ஒரு அயிலை மீன் சிரித்துக்கொண்டிருந்தது. பதினொரு பலகை தப்பு. மறுநாள் மாலை சங்கக் கூட்டம். இந்தச் சின்னம் வேண்டுமா வேண்டாமா என்று அங்கேதான் முடிவு.

பலகை எழுதிய சுடலை வள்ளியூர்க்காரர், பதினைந்து வருடமாக இங்கே. கோபத்தோடு கேட்டேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்தபடி சொன்னார்: "சாரே, எனக்கு வந்தது கறுப்பு வெளுப்பு ஜெராக்ஸாக்கும். பச்சைன்னா எந்தப் பச்சை? வாழையிலையா, மாங்காயா?"

நான் ஆங்கிலத்தில் எழுதிய இருபத்துநாலு பக்க விதிமுறை, சுடலையிடம் போகாமல் சங்கச் செயலாளரின் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. தப்பு என்னுடையதுதான். வெட்கமாகிவிட்டது.

சுடலை வீட்டிலிருந்து பழைய எக்ஸ்ரே பிலிம் கொண்டுவந்தார். பலகைமேல் வைத்துப் பெயிண்ட் பூசும் அச்சாகக் குடையை மூன்று அளவில் அதில் வெட்டினோம். பெயிண்டை ஒரே வாளியில் கலக்கினோம். பத்துப் பலகைகள் மறுநாள் மதியத்துக்குள் சரியாகிவிட்டன. சேச்சி மட்டும் ஏணியை மறித்து நின்றார்.

"மீன்காரி கடையில மீன் இல்லாம பின்னே என்ன இருக்கும் மோனே?"

சுடலைதான் வழி சொன்னார்: "குடை இடது மேல் மூலையில, எல்லாருக்கும் போல. பாக்கி இடம் ஒங்க இஷ்டம் சேச்சி. மீனைப் பெருசா வரையுதேன், போதுமா?"

போதும் என்றார். மீன் இரண்டு மடங்கானது. மாலைக் கூட்டத்தில் குடைக்கு முதலில் கை தூக்கியதும் சேச்சிதான்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு: காலை எட்டரைக்குள் வீதியை அடையுங்கள், கடைகள் திறந்து சரக்கு வந்துவிட்டால் பலகையே தெரியாது. நிறத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு தகரத்துண்டில் பூசிக் கொண்டுபோங்கள். அதைச் சங்கத்தாரிடம் அல்ல, பலகை எழுதுகிறவர் கையில் கொடுங்கள். ஒரு இரவு தங்கத் தம்பானூர் லாட்ஜே போதும், நான் கொடுத்தது இருநூறு ரூபாய்.

ஓணம் முடிந்து சுடலைக்குப் போன் செய்தேன். புதிதாக வந்த செருப்புக் கடைக்காரர் நீலத்தில் குடை போட்டுவிட்டாராம்.

"ஐயோ, அப்புறம்?"

"நான் எதுக்கு சாரே? எக்ஸ்ரே பிலிமை வாங்கிட்டு மேரி சேச்சி ஏணியில கேறியாச்சு."