ரப்பர் பாலும் நீலக் கையுறையும்

காலை 6.10. நாகர்கோவில் ரயில் என்னையும் என் மனைவி ஜெசிந்தாவையும் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். ஜெசிந்தாவின் கடைவாய்ப் பல் ஒன்று ஈறுக்குள் படுத்துக்கொண்டு இரண்டு மாதமாக அவளைத் தூங்கவிடவில்லை. ஆதம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் மகள், மயிலாப்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். ஆகவே, நாங்கள் சென்னை பார்க்க வந்தவர்கள் அல்ல. கண்ணில் பட்டதெல்லாம் போகிற வழியில் பட்டதுதான்.

9.30. மகள் வேலைக்குப் போய்விட, நாங்கள் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினோம். பேர்தான் பறக்கும் ரயில், எங்கள் மலைப் பாதை பஸ் இதைவிட நன்றாகப் பறக்கும். கீழே கால்வாய் நாறியது. ஜெசிந்தா கன்னத்தைப் பிடித்தபடி, மொட்டை மாடிகளில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

10.30. லஸ் முனைக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் கிளினிக். படிவம் நிரப்பிய பெண் “ஏதாவது அலர்ஜி?” என்று கேட்டாள். “ஒண்ணும் கிடையாது” என்று ஜெசிந்தாவுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன்.

உள்ளே டாக்டரம்மா கையுறையை எடுக்கும்போது ஜெசிந்தாவிடமே கேட்டார்: “பலூன் ஊதினா, ரப்பர் பட்டா ஏதாவது பண்ணுமாம்மா?”

“பலூன் ஊதினா உதடு வீங்கும். வாழப்பழம் தின்னா நாக்கு அரிக்கும். ரப்பர் பால் பட்டா கை தடிச்சிரும்.”

நான் சிரித்தேன். “பால் உறையதுக்கு ஆசிட் விடுவோம்லா டாக்டர், அதுக்க அரிப்பாக்கும்.” எங்கள் ஊரில் யாருக்குக் கை தடித்தாலும் பழி ஆசிட்டின் மேல்தான். சோறு போடுகிற பாலைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

“பலூன்ல ஆசிட் கிடையாதே சார்” என்றார் அவர்.

கையுறையை அப்படியே வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து விளக்கினார். ரப்பர் மரத்துப் பால்தான் லேடெக்ஸ். அதிலுள்ள புரதம் சில உடம்புக்கு ஆகாது. அந்தக் கையுறையோடு வாய்க்குள் புண்ணைத் தொட்டால் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துக்கொள்ளலாம். அவர் நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான், படிவத்துக்கு நான் சொன்ன ‘ஒண்ணும் கிடையாது’ நினைவுக்கு வந்தது.

“நாளைக்கு எட்டு மணிக்கு முதல் ஆளா வாங்க. அதுக்குள்ள ரூமைத் துடைச்சு, ரப்பர் சாமானை எல்லாம் வெளியே எடுத்துடறோம். எங்க கிட்ட ரப்பர் பால் கலக்காத நைட்ரைல் கையுறை தீர்ந்துபோச்சு. தி.நகர்ல ஒரு பெட்டி வாங்கிட்டு வர முடியுமா?”

11.45. பாண்டி பஜாருக்கு ஆட்டோ. நான்கு கிலோமீட்டர், நூற்று முப்பது ரூபாய்.

“இன்னா சார், எந்த ஊரு?” என்றார் ஓட்டுநர். சொன்னேன்.

“ரப்பர் தோட்டமா? அப்போ இந்த டயரே உன்னுதுதான்னு சொல்லு. பஞ்சர் ஆனா உன்னாண்டதான் வருவேன்.”

வேறொரு நாளாக இருந்தால் பாண்டி பஜார் வரும்வரை ரப்பர் புராணம் பாடியிருப்பேன். அன்று ஜெசிந்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

12.20. கடைத்தெருவை ஒட்டிய சந்தில் மருத்துவச் சாமான் கடை. அலர்ஜி என்றதும் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். “பவுடர் இல்லாதது சார், ஒண்ணும் ஆவாது. எல்லாரும் இதான் வாங்கினு போறாங்கோ.”

ஒன்றை உருவி, இழுத்து, மோந்து பார்த்தேன். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. “இது எங்க பால்லா!” என்றேன். ஜெசிந்தா அதை வாங்கக் கை நீட்டினாள். சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீல நைட்ரைல் கையுறைப் பெட்டியை இறக்கினார். நூறு உறை, நானூற்று ஐம்பது ரூபாய். அதில் மரத்தின் வாசனையே இல்லை.

“இதுவும் பாலு மாதிரி தண்ணில கை அச்சை முக்கி எடுக்கறதுதான். அதையும் லேடெக்ஸ்னுதான் சொல்வாங்கோ. ஆனா கம்பெனிக்காரன் பெட்ரோல் சரக்குல பண்றது. பெயின்ட் டப்பால லேடெக்ஸ்னு போட்டுக்கீதே, அதுலயும் உங்க மரம் கெடையாது.”

பாலை உறையவைத்து நாங்கள் அடிக்கும் ரப்பர் ஷீட்டின் விலை விழும்போதெல்லாம் இந்தச் செயற்கை ரப்பரைத்தான் போலி, திருட்டுப் பால் என்று திட்டித் தீர்ப்பேன். அந்தப் போலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாண்டி பஜார் கூட்டத்தில் நடந்தேன். கையில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

மறுநாள் 8.00. கிளினிக் முழுக்கக் கிருமிநாசினி வாசனை. பல் எடுக்கும் நாற்பது நிமிடமும் வெளியே உட்கார்ந்திருந்தேன், இரண்டு முறை செபம் சொன்னேன். கதவு திறந்ததும் முதலில் அவள் உதட்டைத்தான் பார்த்தேன். உதடு உதடாகவே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை 5.40. தாம்பரத்தில் ஊர் திரும்பும் ரயில். இடம்பிடித்து உட்கார்ந்ததும் ஜெசிந்தா கேட்டாள்: “கேட்டியளா, அது பாலுன்னுதான டாக்டர் சொன்னாவ? ஆசிட் இல்லியே?”

“பாலுதான்.”

“கை தடிக்குன்னு நான் ஷீட் அடிக்க வராத நாளெல்லாம், இவளுக்கு வேலைக்கு மடி, சாக்கு சொல்லுதான்னு சொன்னியளே.”

சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன், அக்கம்பக்கத்தார் சிரிக்கச் சிரிக்க. “தப்புதான் ஜெசி” என்றேன்.

“எனக்கிட்ட மட்டும் சொன்னா போருமா? எல்லாருக்க முன்னாலயுமாக்கும் சொன்னிய. ஊருல வந்து சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கல்பட்டு தாண்டும்போதும், எந்த வீட்டிலிருந்து தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.