இரண்டு ஸ்பூன் மோர்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. உலையில் சோறு வெந்ததா என்று நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். என்னைப் போய் மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார் விழுப்புரத்து டாக்டர்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். முதன்முதலாகப் பசும்பால் ஊற்றிக் கேப்பைக் கூழ் கொடுத்த அன்று உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தாள். பால் அலர்ஜியாக இருக்கலாம், ரத்தத்தில் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். ரிசல்ட் போனுக்கு வரும், அதுவரை பாலைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

திண்டிவனம் வந்து சேர்வதற்குள் பத்து முறை போனை எடுத்துப் பார்த்திருப்பேன். மறுநாளும் அதே பேஜார்தான். உட்காரவும் முடியவில்லை, ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்கடுத்த நாள் மதியம், இரண்டு மாடு வைத்திருக்கும் என் நாத்தனார் வந்தார்.

"மாட்டுப்பால் ஆவாத புள்ள எங்கனா உண்டா? எங்க வூட்ல யாருக்கும் இல்ல."

"டாக்டர் சந்தேகப்படறாருங்க அண்ணி."

"பால்தான வேணான்னாரு? மோரு இன்னா பண்ணும், வெறுந்தண்ணி. சூட்டுக்குத் தடிச்சிருக்கும். ரெண்டு வாய் ஊத்திப் பாரு, தெரிஞ்சிடும்."

தெரிந்துவிடும் என்றாரே, அதில்தான் விழுந்தேன். அவர் போனதும் இரண்டு ஸ்பூன் மோர் புகட்டினேன். அவர் பேச்சை நம்பிக் கொடுத்தேன் என்று பழி போடமாட்டேன். தெரியாமல் இருக்க முடியாமல்தான் கொடுத்தேன்.

கால்மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கடையிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரர் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"ஒன்னும் குடுக்கலைங்க. பால் பக்கமே போவாம இவதான் பாத்துக்கினு இருக்கா," என்றார் வீட்டுக்காரர்.

"மோரு குடுத்தேங்க," என்றேன் நான்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தொடையில் ஊசி போட்டதும் மெல்ல மெல்ல மூச்சு சீரானது. இரவு அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை ரிசல்ட் வந்தது. பால் அலர்ஜிதான். வீட்டுக்காரர் படித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்க்க நர்ஸ் வந்தார். ஊசி போட்டவர் என்று பிள்ளைக்கு நினைவிருந்தது போல. அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.