சொந்தக்காரர் குழி வெட்டுவதில்லை

ஓலீட்டா இடது கையால் ரான்டலின் தாடைத் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் மழித்துக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்திருந்தான் எம்மெட். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கல்லாகிப் போனவருக்கு மழிக்கும்போது அவசரப்படக் கூடாது. நடுவில் இருமல் வரும். முப்பது வருடமாக அந்தக் கென்டக்கி மலைப்பள்ளத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்து வந்தவளுக்கு அது பழக்கம்.

உடம்பு நன்றாக இருந்தவரை ரான்டல் பிடில் வாசிப்பார், அவள் கிட்டாரோடு பாடுவாள். சனிக்கிழமைதோறும் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக் கொட்டகையில் 'கண்ட்ரி' என்கிற நாட்டுப்புறப் பாட்டுதான். பழைய சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றி ரான்டல் கட்டிய பாட்டு ஒன்று உண்டு: ஒருவன் விழுந்தால் எல்லோரும் தூக்க வேண்டும் என்று முடியும். அந்த அடி வந்தால் ஊரே எழுந்து நின்று பாடும். எம்மெட் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். இருபத்திரண்டு வருடமாக ரான்டலோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்ந்தவனை ஊர் 'குடியிருக்கிறவன்' என்றே சொல்லிவந்தது.

மழித்து முடித்ததும் ரான்டல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மா குழிக்குப் பக்கத்துல என்னைப் போடுங்க. அடக்கத்தன்னிக்கு இவன் சொந்தக்காரங்களோட முன்வரிசையில உக்காரணும். நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன். பேசாதீங்க, மூச்சு வாங்குது."

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார்.

அங்கே குழி வெட்டக் கூலி ஆள் வைப்பதில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் மண்வெட்டியோடு கல்லறை இருக்கும் குன்றேறி வருவார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேராவது சேர்ந்துவிடுவார்கள். ரான்டலுக்கு வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் எழுபது தாண்டிய பழைய சுரங்கத் தொழிற்சங்கத்து ஆட்கள். மற்ற வீடுகளிலிருந்து சோள ரொட்டியும் பீன்ஸும் வந்தன, கூடவே முதுகுவலி என்ற செய்தியும். குன்றில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே பாறை. அவர்களில் ஒருவரான கிழவர் ஹோபர்ட் ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

ஓலீட்டா சுற்றிப் பார்த்தாள். எம்மெட் மரத்தடியில் கையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தான். நோயாளி வீட்டில் சும்மா நிற்பவரைக் கண்டால் ஒரு வேலை கொடுப்பது அவள் வழக்கம். யோசிக்காமல் ஒரு மண்வெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீயும் ஒரு கை குடுப்பா. இருட்டறதுக்குள்ள ஆகணும்."

எம்மெட் அதை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

ஹோபர்ட் கடப்பாறையைக் கீழே போட்டார். "ஏம்மா ஓலீட்டா, என்ன காரியம் பண்ணிட்ட? சொந்தக்காரன் எங்கயாவது குழி வெட்டுவானா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மலையில் பிள்ளை அப்பனுக்கு வெட்டுவதில்லை, புருஷன் பெண்டாட்டிக்கு வெட்டுவதில்லை. வெட்டுகிறவன் அயலான். ரான்டலும் எம்மெட்டும் படுத்த ஒரே கட்டிலின் விரிப்பை இரண்டு வருடம் துவைத்தவளே அவனை அயலான் ஆக்கிவிட்டாள்.

கல்லறை வேலியோரம் நின்ற ரான்டலின் தங்கை லொரீன் சிரித்தாள். "வெட்டட்டுமே. குடியிருந்ததுக்கு வேலை செய்யறான். அவன் யாருங்கறது இப்பவாவது உனக்குப் புரிஞ்சுதே அக்கா."

ஓலீட்டா மண்வெட்டியைத் திரும்பக் கேட்டாள். எம்மெட் தரவில்லை.

"விடுங்கக்கா. ஊர் வரலையே, யாராவது வெட்டணும்ல."

இருட்டும்வரை வெட்டினான். உள்ளங்கை இரண்டும் பிய்ந்துபோயின. வீட்டுக்கு வந்ததும் ஓலீட்டா அவற்றைக் கழுவி, மருந்து தடவிக் கட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது, அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை, விடிந்தும் விடியாமலும், சமையலறை நாற்காலி ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஓலீட்டா குன்றேறினாள். பாக்கியிருந்த ஒரு அடியை அவளும் ஹோபர்ட்டும் வெட்டி முடித்தார்கள். நாற்காலியைக் குழிக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கும் முன்னால் போட்டாள். சனம் வந்ததும் எம்மெட்டைக் கைப்பிடித்து அழைத்துவந்து அதில் உட்கார வைத்தாள். அதை எடுக்கச் சொன்னாள் லொரீன். ஓலீட்டா அசையவில்லை. லொரீன் எழுந்து வேலிக்கு வெளியே போய் நின்றாள். அவளோடு ஏறக்குறைய எல்லோரும் போனார்கள்.

ஓலீட்டா கிட்டாரை எடுத்து ரான்டலின் பாட்டைத் தொடங்கினாள். கடைசி அடி வந்தபோது மூன்று கிழவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வேலிக்கு வெளியே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு எம்மெட் தலை குனிந்தே இருந்தான்.