காற்புள்ளிகளுக்கு நடுவில் சிவகரன்

கமலாவதி ரீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். உரும்பிராயில் இருபது வருசமாய் ரியூசன் கொட்டில் போட்டு ஆங்கிலம் படிப்பிக்கிறவர். லண்டன் மாமாவையும் பாரிஸ் மாமியையும் உதாரணம் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று, ஊர்ச்சனத்தையே பெயர் சொல்லிப் பலகையில் எழுதுவார். ஊர் சிரிக்கும், பாடமும் ஏறும்.

அன்றைய பாடம், இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் செருகும் மேலதிகச் செய்தி. ஆள் யாரென்று ஏற்கனவே தெரியும்; நடுத்துண்டை எடுத்தாலும் வசனம் விழாது. ரீச்சர் ஆங்கிலத்தில் எழுதினார்: "சிவகரன், போன மாதம் ஆழ்வாப்பிள்ளையின் விரல்களை வெட்டினவன், எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிறான்."

பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனால் ஆழ்வாப்பிள்ளையே விரல்களைத் தகரம் வெட்டியது என்று பொலிசில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். சிவகரனின் வாள்வெட்டுக் கும்பலுக்குப் பயந்த ஊரில் தெரிந்திருப்பது வேறு, சொல்வது வேறு. அதை இந்தப் பொல்லாத மனுசி மறந்துபோனார்.

வசனம் சிவகரனின் காதுக்குப் போய், மறுநாள் பின்னேரம் கொட்டிலுக்கு வாள்களோடு மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிள்ளைகள் வேலி பாய்ந்தார்கள். வாங்குகள் பிளந்தன, ரீச்சரின் ஸ்கூட்டி எரிந்தது. சிவகரன் முகத்தைக்கூட மூடவில்லை. அவனும் அதே வாங்குகளில் உட்கார்ந்து படித்தவன்தான், நன்றிகெட்டவன். நேற்றைய வசனம் பலகையில் அப்படியே கிடந்தது.

"நடுவிலை இருக்கிறதை அழியுங்கோ ரீச்சர்," என்றான். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

ரீச்சர் அசையவில்லை. வாள் இறங்கியது, மறித்த இடக்கை எலும்பு தெரியப் பிளந்தது. இரண்டாம் வெட்டு தோளில். பலகையெல்லாம் இரத்தம் தெறித்தது. அவன் தன் கையாலேயே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் ரீச்சருக்கு உண்மையாகப் பயம் பிடித்தது. பெயரைச் சொன்னால் அவன் திரும்பி வருவான். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பிள்ளையின் கை. வாக்குமூலம் எழுத வந்த பொலிஸ்காரரிடம் பெயரைச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளையின் விரல்களை வெட்டினவனும் அவனே என்று சேர்த்து எழுதச் சொன்னார். அது இந்த வழக்குக்கு வேண்டாத செய்தி, விட்டாலும் ஒரு குறையுமில்லை என்றார் பொலிஸ்காரர்.

ரீச்சரைப் பார்க்க வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஆழ்வாப்பிள்ளை, ஒரு மாதமாய் ஊருக்கு ஒளித்த கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். மூன்று விரல் இல்லாத அந்தக் கையைப் பொலிஸ்காரரின் தாளின்மேல் வைத்தார்.

"எழுதுங்கோ தம்பி. தகரம் வெட்டேல்லை, அவன்தான் வெட்டினவன்."